நள்ளிரவு அழுகை: கடமை யாருடையது?

பிறந்து நான்கு மாதமான குழந்தையொன்று இரவில் மூன்று நான்கு தடவை விழித்து அழுகின்றது. தாய்ப்பால் மட்டும் அருந்தும் பிள்ளையாதலால் ஒவ்வொரு தடவையும் தாயே எழுந்து பாலூட்ட வேண்டியிருக்கின்றது. வாரங்கள் செல்லச் செல்ல அத்தாயின் உடல் தளர்கின்றது, பொறுமையும் குன்றுகின்றது. அவ்வேளையில் இருவகை அறிவுரைகள் அவளை வந்தடைகின்றன. “மூன்று நாளைக்கு அழ விடு பிள்ளை, நாலாம் நாள் தானாகப் படுத்துவிடும்” என்கின்றார் ஒருவர். “பெற்றவள் பிள்ளையை அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாளா?” என்று கேட்கின்றார் மற்றொருவர். முதலாமவர் சொற்படி நடந்தால் மனச்சாட்சி உறுத்துகின்றது. இரண்டாமவர் சொற்படி நடக்க உடல் இடங்கொடுக்கவில்லை. இதிலே எது நெறி?

குழந்தையை இரவு முழுவதும் உறங்கப் பழக்கும் இம்முறை மேலைநாடுகளில் தோன்றியது. குழந்தைக்குத் தனிக்கட்டில், பல வீடுகளில் தனியறை என்ற வழக்கம் உள்ள இடத்திலேதான் இத்தகைய கேள்வி பெரிதாக எழும். தாயின் பாயருகே ஏணை தொங்கிய எமது வீடுகளில் இதற்கு அதிகம் இடமிருக்கவில்லை. ஆயின் இன்று எம் பிள்ளைகள் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் குடும்பம் நடத்துகின்றனர். அங்கே பல வீடுகளில் அம்மம்மாவின் குரல் தொலைபேசியில் மட்டுமே கேட்கின்றது. ஆதலால் இக்கேள்வி எமது குடும்பங்களுக்கும் உரியதாகிவிட்டது.

இம்முறையின் வரலாறு சிறிது அறியத்தக்கது. 1894இல் அமெரிக்க மருத்துவர் எம்மெற் ஹோல்ற் எழுதிய குழந்தை வளர்ப்பு நூலும், 1907இல் நியூசிலாந்திற் பிளங்கெற் சங்கத்தைத் தொடக்கிய மருத்துவர் துறூபி கிங்கின் போதனையும் கடிகாரத்தையே வழிகாட்டியாகக் கொண்டன. கிங் தாய்ப்பாலை வற்புறுத்தியவர். ஆயினும் நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறையே பால், இரவிற் பால் கூடாது என்று விதித்தார். 1928இல் உளவியலாளர் ஜோன் வாட்சன், பிள்ளையைக் கட்டியணைத்து முத்தமிடுவதையே குறைகூறி, காலையில் அதனுடன் கைகுலுக்கினாற் போதுமென்று எழுதினார். 1946இல் மருத்துவர் பென்ஜமின் ஸ்பொக், தாய்மார் தம்மறிவில் நம்பிக்கை வைக்க வேண்டும் என்று கூறி இவ்விறுக்கத்தைத் தளர்த்தினார். 1956இல் இலினோய் மாநிலத்தில் ஏழு கத்தோலிக்கத் தாய்மார் கூடி, புளோரிடாவிலுள்ள பாலூட்டும் மாதாவின் திருத்தலப் பெயரைத் தழுவி லா லேச்சே லீக் என்ற அமைப்பை நிறுவினர். பிள்ளை கேட்கும்போது பால் கொடுப்பதே முறை என்பது அவர்கள் கொள்கை. 1985இல் பொஸ்ரன் மருத்துவர் றிச்சட் பேர்பர், அழும் பிள்ளையிடம் உடனே செல்லாது, காத்திருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சென்று ஆறுதலளிக்கும் முறையை நூலாக வெளியிட்டார்.

ஒரு நூற்றாண்டுக்குள் விதிகள் இத்தனை தடவை மாறின. ஆயின் எந்த விதி வந்தபோதும் அது தாயின் தலையிலேயே சுமத்தப்பட்டது.

ஒழுக்கவியலில் மிகப் பழைய கோட்பாடொன்று உண்டு. இயலாத காரியத்துக்கு எவரும் கடமைப்பட்டவரல்லர் என்பதே அது. உரோம சட்டவறிஞர் செல்சுஸ் எடுத்துரைத்த இக்கருத்து திருச்சபையின் ஒழுக்கவியலிலும் இடம்பெற்றது. இதனை முதலிற் குழந்தைக்கும், பின்னர் தாய்க்கும் பொருத்திப் பார்ப்போம்.

பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. தாய்ப்பாலோ விரைவிற் சமிக்கும். ஆகவே முதல் வாரங்களில் அது ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் கேட்கின்றது. இரவென்றும் பகலென்றும் பிரித்தறியும் ஒழுங்கு அதன் உடலில் உருவாகச் சில மாதங்கள் செல்கின்றன. இன்னொன்றும் உண்டு. பாலைச் சுரக்கச் செய்யும் புரோலக்ரின் என்னும் சுரப்பு தாயின் உடலில் இரவிலேதான் மிகுகின்றது. மார்பிலிருந்து பால் எடுக்கப்படாவிட்டால் சுரப்பதும் குறைந்துவிடும். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே ஊட்டுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இரவுப் பாலை முந்தி நிறுத்தினால் அப்பாலே வற்றிவிடக் கூடும்.

‘இரவு முழுவதும் உறங்கும் பிள்ளை’ என்ற சொல்லும் மயக்கம் தருவது. 1957இல் இலண்டனில் வெளியான ஆய்வொன்றில் இதற்குக் கொடுக்கப்பட்ட பொருள் நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை என்பதே. அவ்வாறு உறங்கத் தொடங்கிய பிள்ளைகளிற் பலர் பின்னர் மீண்டும் விழிக்கத் தொடங்கினர். 2018இல் வெளிவந்த கனடிய ஆய்வொன்றில், ஆறு மாதப் பிள்ளைகளில் 100க்கு ஏறத்தாழ 38 பேர் ஆறு மணித்தியாலம்கூடத் தொடர்ந்து உறங்கவில்லை. எனவே நான்கு மாதப் பிள்ளையிடம் எட்டு மணித்தியால உறக்கத்தை எதிர்பார்ப்பது, தவழத் தெரியாத பிள்ளையை நடக்கவில்லை என்று கண்டிப்பது போலாகும். பசித்து அழும் சிசுவிடம் வீம்புமில்லை, சூழ்ச்சியுமில்லை. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரியில் சிஸ்ரைன் சிற்றாலயத்திற் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு வழங்கியபோது, பசித்த பிள்ளைகளுக்கு அங்கேயே பாலூட்டத் தயங்க வேண்டாமென்று தாய்மாரிடம் கூறியதும் இங்கே நினைக்கத்தக்கது.

ஆயின் குழந்தை என்றும் நான்கு மாதப் பிள்ளையாக இருப்பதில்லை. ஆறு மாதம் கடந்து, திட உணவும் தொடங்கி, நன்றாக நிறை கூடிவரும் பிள்ளை தாயின் மார்பு இன்றியும் உறக்கத்துக்குத் திரும்பச் சிறுகச் சிறுகக் கற்றுக்கொள்ள முடியும். மெல்பேணில் உறக்கச் சிக்கலுள்ள ஏழு மாதக் குழந்தைகளின் குடும்பங்களிடையே ஆய்வொன்று தொடங்கப்பட்டது. பெற்றோர் இடையிடையே சென்று தேற்றும் முறையோ, அருகிலிருந்து படிப்படியாக விலகும் முறையோ சிலருக்குக் கற்பிக்கப்பட்டது. தொடக்க காலத்திற் பிள்ளைகளின் உறக்கம் சீர்ப்பட்டது. தாய்மாரின் மனச்சோர்வும் குறைந்தது. அப்பிள்ளைகள் ஆறு வயதானபோது மீண்டும் பார்த்து, 225 பேரைப் பற்றிய முடிவை 2012இல் வெளியிட்டனர். பழக்கப்பட்டோருக்கும் பழக்கப்படாதோருக்கும் இடையே மனநலத்திலோ பெற்றோருடனான உறவிலோ வேறுபாடு காணப்படவில்லை. நீடித்த தீங்குமில்லை, நீடித்த நன்மையுமில்லை.

இதிலிருந்து நாம் பெறும் தெளிவு யாது? வளர்ந்த பிள்ளையைப் பதமாகப் பழக்குகின்ற தாய் கல்நெஞ்சக்காரியல்லள். பழக்காது பாலூட்டி வருகின்ற தாய் பிள்ளையைக் கெடுப்பவளுமல்லள். பழக்குதல் வேறு, கைவிடுதல் வேறு. பசியா, காய்ச்சலா, பல் முளைக்கும் நோவா என்று பாராமல் கதவைச் சாத்திவிட்டுப் போவது கைவிடுதலாகும். நிலைமையை அறிந்து, வைத்தியரையோ மருத்துவமாதையோ கேட்டு, அழுகைக்குப் பதிலளித்தவாறே கற்பிப்பது பழக்குதலாகும்.

இனித் தாயின் பக்கம் பார்ப்போம். மாதக்கணக்காகத் தொடர்ந்து நான்கு மணித்தியாலம்கூட உறங்காதவள் அன்போடு இருக்க வேண்டுமென்று கட்டளையிடுவதும் இயலாததைக் கேட்பதேயாகும். உறக்கமின்மை மனச்சோர்வை வளர்க்கின்றது. களைத்த தாய் சோபாவில் பாலூட்டியவாறே கண்ணயர்ந்தால் பிள்ளை மூச்சடைத்து இறக்கவும் கூடும் என்று வைத்தியர்கள் எச்சரிக்கின்றனர். ஆகவே தாயின் உறக்கம் சொகுசன்று. அது பிள்ளைக்கும் உரிய பாதுகாப்பு.

குழந்தையாலும் இயலாது, தாயாலும் தனித்து இயலாது என்றால், அக்கடமை மறைந்துவிடுகின்றதா? இல்லை. அது இயன்றவர்களிடம் செல்கின்றது. முதலில் அது தந்தையிடம் செல்கின்றது. பாலூட்டுவது ஒன்றே அவரால் இயலாதது. பிள்ளையைத் தூக்கி வந்து தாயிடம் கொடுக்கலாம், ஈரத்துணி மாற்றலாம், ஏவறை விடச் செய்து தோளிற் போட்டு உறங்க வைக்கலாம், விடியற்காலையிற் பிள்ளையை ஏற்றுக்கொண்டு தாயை இரண்டு மணித்தியாலம் படுக்க விடலாம். “நான் காலையில் வேலைக்குப் போக வேண்டியவன்” என்று திரும்பிப் படுக்கும் தந்தை, தாய்க்கும் காலையில் வேலை உண்டென்பதை மறந்துவிடுகின்றார்.

அடுத்து அது உறவினரிடமும் சமூகத்திடமும் செல்கின்றது. “நாங்கள் பத்துப் பிள்ளை பெற்று வளர்க்கவில்லையா?” என்று கேட்கும் மாமியார், அக்காலத்தில் பேறு பார்த்துச் சமைத்துப் போட்டுப் பிள்ளையை ஏந்தியவர் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இலங்கைச் சட்டம் 84 வேலைநாட் சம்பளத்துடன் பிரசவ விடுமுறை அளிக்கின்றது. அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தகுதி பெற்றோருக்கு அளிப்பது சம்பளமற்ற 12 வாரமே. மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பும் தாய் பிள்ளையை அவசரமாகப் பழக்க முனைந்தால், அக்குற்றத்தை அவள்மேல் மட்டும் சுமத்துவது நீதியாகாது.

எனவே பாலூட்டும் தாய்மாரே, உங்கள் பிள்ளையின் வயதையும் உடல்நிலையையும் உங்கள் பலத்தையும் பார்த்து முடிவெடுங்கள்; அயலாரின் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கலங்காதீர்கள். உதவி கேட்பதற்குக் கூச வேண்டாம். தந்தையரே, இப்படி வளர், அப்படி வளர் என்று அவளுக்குச் சொல்வதற்கு முன்னர், நேற்றிரவு அவள் எத்தனை தடவை எழுந்தாள் என்று கேட்டறியுங்கள். இன்றிரவு அதிற் பாதியையாவது நீங்கள் எழுந்து ஏற்றுக்கொள்ளுங்கள்.