ஓலையும் கடத்தலும்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார இரயில் திரிசூலத்தில் நிற்கும்போது, எதிரே விமான நிலையத்தைக் காண்கிறோம். அங்கே மறைத்துக் கொணர்ந்த தங்கம் பிடிபட்ட செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். ‘யார் பொருளையும் திருடவில்லையே, இது பாவமாகுமா?’ என்று நம்முள் சிலர் கேட்பதுண்டு.

இக்கேள்வியை ஒரு சொல் தெளிவாக்குகிறது. கடத்தலை இத்தாலியர் ‘கொந்த்ராபாந்தோ’ என்பர். ‘கொந்த்ரா’ என்றால் எதிராக. ‘பாந்தோ’ என்றால் ஆட்சியாளர் ஊரறிய அறிவிக்கும் ஆணை. திருமணத்திற்கு முன் ஆலயத்தில் வாசிக்கப்படும் ஓலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பேன்ஸ்’ என்னும் பெயரும் அதே வேரில் பிறந்ததே. ஆக, அச்சொல் ‘ஆணைக்கு எதிரானது’ என்கிறதேயன்றி ‘தீயது’ என்று சொல்லவில்லை. நம் ‘கடத்தல்’ என்ற சொல்லோ, ஒன்றை எல்லை கடக்கச் செய்தல் என்பதோடு நின்றுவிடுகிறது.

ஆணைகளும் மாறுகின்றன. தனியார் தங்கக் கட்டி வைத்திருப்பதைத் தடுத்த 1968ஆம் ஆண்டுச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. முற்கால அறநெறி இறையியலார் சிலர், இத்தகைய சட்டங்கள் மனச்சான்றைக் கட்டுப்படுத்தா. பிடிபட்டால் தண்டம் செலுத்தினால் போதும் என்றுகூடக் கருதினர். இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, நீதியான வரியை வஞ்சகத்தால் தவிர்ப்பதை 1965இல் கண்டித்தது. ‘நீதியான’ என்ற அடைமொழியை நாம் மறத்தலாகாது.

1930இல் இராஜாஜியும் தொண்டர்களும் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதும் ஆணைக்கு எதிரானதே. ஆனால் அவர்கள் முன்னரே அறிவித்து, ஊரறிய நடந்து, சிறையையும் ஏற்றனர். ஏழையின் உப்புக்கு வரி விதித்த ஆணை ஒழியவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். கடத்துபவருக்கோ ஆணை ஒழிந்தால் பிழைப்பில்லை. பிறர் வரி செலுத்த, தாம் மட்டும் செலுத்தாதிருப்பதில்தான் அவரது இலாபம் இருக்கிறது.

அந்த இலாபத்திற்காகச் சிறை செல்பவர் பெரும்பாலும் முதலாளி அல்லர். கூலிக்குப் பொருள் சுமந்து வருபவரைச் சென்னையில் ‘குருவி’ என்பர். சிக்குவது அந்தக் குருவியே. காசுக்கு விற்கப்படும் குருவியையும் வானகத் தந்தை மறப்பதில்லை என்று நற்செய்தியில் கேட்கும் நாம், மலிவு விலைக்காக ‘பில் வேண்டாம்’ என்று கடையில் சொல்லும்போது அக்குருவியை மறந்துவிடுகிறோம்.

திருமண ஓலை அனைவர் முன்னிலையிலும் வாசிக்கப்படுவது, தடையுண்டெனில் அறிந்தோர் உரைக்கவேண்டும் என்பதற்காகவே. நம் வரவையும் வாங்கலையும் அவ்வாறே ஞாயிறு திருப்பலியில் ஓலையாக வாசித்தால், தலைநிமிர்ந்து கேட்க இயலுமா? இராஜாஜியால் இயன்றது. நம்மால் இயலுமா என்று நம்மையே கேட்டுப் பார்ப்போம்.