‘சிவில்’ என்னும் பெயரடை

ஒரு சொல்லை மொழிபெயர்க்காது விடுவது சில வேளைகளிற் சோம்பல். சில வேளைகளில் அதுவே அரசியல். ‘சிவில்’ என்னும் ஆங்கிலப் பெயரடை இரண்டாவது வகையைச் சார்ந்தது. சிவில் நிருவாகம், சிவில் உடை, சிவில் சமூகம், சிவில் பாதுகாப்பு என இச்சொல் வன்னியில் வழங்காத நாளில்லை. ஆயின், அதன் பொருள் யாதென்று வினவினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: ‘இராணுவம் அல்லாதது.’

விடை பிழையன்று, முழுமையுமன்று. இலத்தீன் மொழியிற் ‘சிவிஸ்’ என்பது குடிமகனைக் குறிக்கும். அதனடியாகப் பிறந்த இப்பெயரடைக்குக் ‘குடிமக்களுக்குரிய’ என்பதே முதற்பொருள். கிழக்கிந்தியக் கம்பனி தன் படையினரல்லாத ஊழியரை வேறுபடுத்திக் காட்டவே ‘சிவில்’ ஊழியர் என்றது. 1963 வரை இங்கு நிலவிய சிவில் சேவையும் அப்பெயரின் வாரிசே. குடியேற்ற ஆட்சிக்காலத்தில் அச்சேவையின் அதிகாரிகள் ஆங்கிலேய முடிக்கே விடைகூறினர், குடிமக்களுக்கல்ல. துப்பாக்கி ஏந்தாமை ஒன்றே அவர்களைச் ‘சிவில்’ ஆக்கிற்று. இவ்வாறு, குடிமகன் இருந்த இடத்திற் படையாள் இல்லாமை வந்து அமர்ந்தது.

இச்சொல்லுக்கு ‘மரியாதையான’ என்ற பொருளும் உண்டு. தன் காணியைக் கேட்டு அலுவலக வாயிலில் நிற்கும் விவசாயியிடம் “மரியாதையாகப் பேசு” என்று அதிகாரி கூறும்போது நிகழ்வது யாது? முதற்பொருளில் உரிமை கேட்டவனுக்கு இரண்டாம் பொருளிற் பதில் கிடைக்கிறது. பணிவு கடமையாகிறது, உரிமை ஒத்திவைக்கப்படுகிறது.

ஆயினும், போருக்குப் பிந்திய வன்னியில், ‘இராணுவம் அல்லாதது’ என்ற குறைந்த பொருள்கூட இச்சொல்லுக்கு எஞ்சவில்லை. ஊர்காவற் படையிலிருந்து உருவான சிவில் பாதுகாப்புத் திணைக்களம் 2006இற் பாதுகாப்பு அமைச்சின் கீழ் அமைக்கப்பட்டது. 2009இன் பின், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அது பண்ணைகளை நடத்தியது. பாலர் பாடசாலை ஆசிரியைகளையும் தன் சம்பளப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. மாகாண நிருவாகம் அளித்த சொற்பக் கொடுப்பனவைவிட அச்சம்பளம் பன்மடங்கு பெரிது. குடும்பத்தைத் தனியே தாங்கிய பெண்கள் அதனை ஏற்றதிற் குற்றமில்லை. பசியின் முன் சொல்லாராய்ச்சி நடத்துவது அறமாகாது. குற்றம், குழந்தைக்கு எழுத்தறிவிப்பவள் பாதுகாப்பு அமைச்சின் ஊழியராகவேண்டிய நிலையை உண்டாக்கி, அதற்குச் ‘சிவில்’ எனப் பெயருமிட்ட ஏற்பாட்டினுடையது.

அவ்வாறெனின் தமிழிற் பெயர்த்துவிட்டாற் போதுமா? போதாது. ‘குடி’ என்ற நம் சொல்லும் கறைபடாததன்று. திருக்குறளின் 96ஆம் அதிகாரமாகிய ‘குடிமை’ உயர்குடிப் பிறப்பைப் பேசுவது. யாழ்ப்பாணச் சமூகத்திலோ, சலவை, சவரம் முதலிய தொழில்களுக்காக ‘உயர்சாதி’ வீடுகளுக்குக் கட்டுண்டிருந்தோரே ‘குடிமக்கள்’ எனப்பட்டனர். இன்று சமத்துவத்தைக் குறிக்கும் சொல், நேற்று அடிமைத்தனத்தைக் குறித்தது. அகராதி அதனை மாற்றவில்லை; ஒடுக்கப்பட்டோரின் போராட்டமே மாற்றிற்று.

ஜெயபுரத்தில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாட்டை எவரும் விளக்கவேண்டியதில்லை. மலையகத்தில் வன்முறைக்கு இலக்காகி வன்னிக்குப் பெயர்ந்த குடும்பங்கள் குடியேறிய ஊர்களுள் இதுவும் ஒன்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்க 2003இலும் ஒரு சட்டம் இயற்றவேண்டியிருந்தது. அவர்கள் காடு வெட்டினர், கிணறு தோண்டினர், குடியிருந்தனர். ஆனால் அவருட் பலர் நெடுங்காலம் சட்டத்தின் கண்ணிற் குடிமக்களல்லர். குடியிருத்தல் வேறு, குடியுரிமை வேறு என்பதை அவர்கள் நூலிற் கற்கவில்லை.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்க்கும் நாம் கூறுவது எளிது. ‘சிவில்’ என்ற சொல் எதிர்ப்படும்போதெல்லாம் அவ்விடத்திற் ‘குடிமக்களுக்குரிய’ என்று வைத்து வாசித்துப் பாருங்கள். ‘குடிமக்களுக்குரிய நிருவாகம்’ என்றால், அதனைத் தெரிவுசெய்தவர் யார்? ‘குடிமக்களுக்குரிய பாதுகாப்பு’ என்றால், யாரிடமிருந்து, யாருக்கு? மொழிபெயர்க்காத சொல்லிடம் எவரும் கேள்வி கேட்பதில்லை. மொழிபெயர்த்த சொல் விடை கூறியே ஆகவேண்டும்.