எண்ணிக்கைக்கு உட்படாத கடமை

முன்பு காம்பே என வழங்கிய குஜராத்தின் கம்பாத் நகரில், அகேட் என்னும் மணிக்கல்லைத் தீட்டி மாலைகளும் மோதிரக்கற்களும் செய்யும் தொழில் பல நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது. வீடும் சிறு கொட்டகையுமே அங்குப் பெரும்பாலும் பட்டறை. சாணைச் சக்கரத்தில் கல் உராயும்போது எழும் தூசியில், கண்ணுக்குப் புலப்படாத துகள்களே நுரையீரலின் ஆழம்வரை சென்று வடுவாகின்றன. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயைக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. வேலையை விட்ட பின்னரும் அது முற்றக்கூடும்.

இத்தகைய பட்டறை நடத்துபவர் கொடியவராக இருக்க வேண்டியதில்லை. அவர் அன்னதானம் செய்யலாம். தொழிலாளியின் மகள் திருமணத்துக்குக் கடனும் கொடுக்கலாம். தூசியைப் பற்றிக் கேட்டால் மட்டும், 'சட்டம் சிறியவர்களுக்கு இல்லை. முகமூடி கொடுத்தாலும் அவர்கள் அணிவதில்லை. எல்லாம் அவரவர் வினை' என்பார்.

சட்டத்தைப் பற்றி அவர் கூறுவதில் ஓரளவு உண்மை உண்டு. மின்விசையுடன் 10 பேர் பணிபுரிந்தால் அது தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டம் அவ்வெண்ணை 20 ஆக்கியது. ஆயினும் தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று 1995இல் கல்நார்த் தொழில் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியபோது, தலைகளை எண்ணிக் கூறவில்லை.

முகமூடி வாதம் நியாயம்போல் தோன்றும். அதனாலேயே அதை நின்று ஆராய வேண்டும். செய்த கல்லுக்குக் கூலி பெறுபவன், மூச்சுத் திணறும் துணியைக் கழற்றிவிட்டு வேகமாகத் தீட்டுகிறான். அதைச் சம்மதம் என்பதா? வீட்டில் உலை கொதிக்க வேண்டியவனுக்கு மறுக்கும் சுதந்திரம் எவ்வளவு? மேலும், சாதாரணத் துணி நுண்தூசியைத் தடுப்பதில்லை. தூசியை அது எழும் இடத்திலேயே அடக்குவதுதான் முதற்காப்பு: நீர் விட்டுத் தீட்டுதல், சக்கரத்தருகே உறிஞ்சுகுழாய். முகமூடி கடைசிக் காப்பு. கடைசியை முதலாக்கினால் முதலாளியின் கடமை தொழிலாளியின் முகத்தில் கட்டப்படுகிறது.

வினைக்கொள்கை தன்னைத் திருத்திக்கொள்ள ஏற்பட்டது. பிறர் துன்பத்துக்கு விளக்கம் சொல்லி ஒதுங்குவதற்கு அன்று. நோய் தொழிலாளியின் பிராரப்தம் என்றே கொண்டாலும், உறிஞ்சுகுழாய் பொருத்தாமல் விட்டது உரிமையாளர் இன்று சேர்க்கும் ஆகாமியம்.

செலவு மெய்யான இடர்தான். குழாய் பொருத்தியவரின் மணி, பொருத்தாதவரின் மணியைவிடச் சில காசு கூடுதலாகும். வியாபாரி மலிவானதை நாடுவார். செல்வத்துக்குத் தாம் தர்மகர்த்தா மட்டுமே என்று உடையவர் எண்ண வேண்டும் என்றார் காந்தியடிகள். அவ்வாறு எண்ணும் நான்கு பட்டறைக்காரர்கள் கூடி, குழாயின் செலவையும் சேர்த்து ஒரே விலை கேட்டால், வியாபாரி முதலில் முகம் சுளிக்கலாம். ஆனாலும் அவருக்கும் கல் தேவை.