யாருடைய சர்க்கரை?

திருவண்ணாமலை ரமணாசிரமத்தைத் தாண்டிச் செங்கம் சாலையில் குடியிருக்கிறேன். கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். "நான் யார்?" என்று விசாரிக்க எங்கெங்கிருந்தோ இங்கே ஆட்கள் வருகிறார்கள். புள்ளத்தாச்சிகள் என்னிடம் கேட்டதோ, "நான் என்ன பாவம் பண்ணினேன், நர்ஸம்மா?" குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 140-ஐத் தொட்டிருக்கும், அவ்வளவுதான். மாமியார் ஜாதகத்தை எடுத்துவிடுவார்.

வினையை நான் மறுப்பவள் இல்லை. ஆனால் வயிற்றுக்குள் நடப்பதைப் பாருங்கள். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தப்படுத்துகின்றன. பிள்ளைக்குச் சர்க்கரை தட்டாமல் போய்ச் சேர அப்படி ஓர் ஏற்பாடு. பல உடம்புகள் இன்சுலினைக் கூட்டிச் சுரந்து சமாளிக்கும், சிலவற்றுக்கு முடியாது. அந்த நஞ்சுக்கொடியே பெரும்பாலும் கருவிலிருந்து வளர்ந்ததுதான். தாயின் சர்க்கரை அதைக் கடந்து போகும். தாயின் இன்சுலின் போகாது. வந்து குவிவதைப் பிள்ளை தன் கணையத்தை வைத்தே சமாளித்துக் கொழுக்கிறது. பிறந்ததும் அதற்குச் சர்க்கரை சட்டென இறங்கலாம். பாவக் கணக்கை எழுத இதில் தனியாக ஒரு 'நான்' எங்கே இருக்கிறது?

இன்னொரு பக்கமும் உண்டு. ஆசிரமத்துக்கு வந்துபோகும் ஒருவர், இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த கர்ப்பிணியிடம், "உடம்பு நீயல்ல, ஊசி எதற்கு?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. 1949-ல் பகவான் ரமணரின் இடது கைக் கட்டிக்கு நான்கு முறை அறுவை நடந்தது. டாக்டர்களை அவர் விரட்டவில்லை. 'நான் யார்?' நூலே மித சாத்விக ஆகாரத்தை வலியுறுத்துகிறது. 1922-ல் அவருடைய தாயார் அழகம்மாளின் உடம்பை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் ஆசிரமமே எழுந்தது. தன் உடம்பை விட்டுவிடலாம் என்று ஒரு துறவி சொல்லலாம். இந்தக் கர்ப்பிணியின் உடம்பில் இன்னொருத்தர் குடியிருக்கிறாரே.

கிருத்திகைக்குப் பட்டினி கிடப்பேன் என்று பிடிவாதம் பிடித்தவளிடமும் அதையேதான் சொன்னேன்: "விரதம் உன்னோடது, பட்டினி ரெண்டு பேரோடது." வேளைக்கு அளவாக, பிரித்துப் பிரித்துச் சாப்பிடுவது உபவாசத்தைவிடக் கஷ்டமான நியமம் என்பது என் கட்சி.

சென்னைச் சர்க்கரை நோய் டாக்டர் வி. சேஷய்யா எனக்குப் பிடித்துப்போனதும் கர்ப்பிணியைப் பட்டினி போடாததால்தான். வெறும் வயிற்றோடு வா என்றால் அத்தியந்தலிலிருந்து பஸ் பிடித்து வருபவள் மறுமுறை வரமாட்டாள். கடைசியாக எப்போது சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துச் சோதிக்கலாம் என்று அவர் வழி காட்டினார். தமிழக அரசு 2007-லேயே கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தச் சோதனையை வைத்தது. முதல் வருகையில் ஒரு தடவை. அதில் ஒன்றுமில்லை என்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி.

பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சர்க்கரை இறங்கிவிடும். ஆனாலும் ஆறாவது வாரத்தில் பார்த்தாக வேண்டும். இவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். "எனக்கு இனிமே எதுக்கு?" என்பார்கள். பிள்ளைக்கு முதல் பென்டாவேலன்ட் ஊசியும் ஆறாவது வாரத்தில்தான். தூக்கி வந்தவளின் கையையும் அன்றைக்கே நீட்டச் சொல்லிவிடுவேன்.