மறைபொருளும் அறமும்: துப்பறியும் புனைவின் வினாவும் புனே நகரத்து விடையும்

துப்பறியும் புனைவு என்பது பொழுதுபோக்கு வடிவம் மட்டுமன்று. அது ஓர் அறக்கோட்பாட்டின்மீது எழுப்பப்பட்டதாகும். மறைந்திருப்பது வெளிப்பட வேண்டும். வெளிப்பட்டதும் குற்றவாளி தனித்து நிற்பான். ஏனையோர் குற்றமற்றவராய் இல்லம் திரும்புவர். 1908இல் வெளிவந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ தொடங்கித் தமிழில் இவ்வகைப் புதினங்கள் பெரிதும் இந்நெறியிலேயே இயங்கி வந்துள்ளன.

புறநகர் வாழ்வைக் களமாகக் கொண்ட அண்மைக்கால மேலைப் புதினங்களில் சில இந்நெறியைத் தலைகீழாக்குகின்றன. ஆஸ்திரேலிய எழுத்தாளர் லியான் மோரியார்ட்டியின் ‘பிக் லிட்டில் லைஸ்’ (2014) இதற்குத் தக்க சான்றாகும். பள்ளி விழா ஒன்றில், மனைவியைத் துன்புறுத்தி வந்த கணவன் ஒருவன் தள்ளப்பட்டு இறக்கிறான். கண்ட பெண்கள் காணவில்லை என்கின்றனர். தள்ளியவள் பின்னர்த் தானே ஒப்புக்கொள்கிறாள் எனினும், அதற்கு முன்பே ‘மறைவு காக்கப்படட்டும்’ என விரும்பும் நிலைக்கு வாசகர் வந்துவிடுகின்றனர். ஒரு துயரத்தால் பிணைக்கப்பட்ட பெண்கள் உண்மையை மறைப்பது அறமாகுமா? இவ்வினாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புனே நகரம் தந்த விடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

வழக்கும் நூலும்

1881இல் சூரத்தில் விஜயலட்சுமி என்னும் பிராமணக் கைம்பெண், தான் ஈன்ற குழந்தையைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பெற்றார். மேல்முறையீட்டில் அது நாடு கடத்தலாக மாற்றப்பட்டு, பின்னர் மேலும் குறைக்கப்பட்டது. கைம்பெண் மறுமணத்திற்கு 1856ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்திருந்தும், உயர்சாதி வழக்கம் அதற்கு இடமளிக்கவில்லை. துப்பறியும் கதையின் அளவுகோலால் நோக்கினால் இவ்வழக்கில் மர்மம் எதுவுமில்லை. செய்தவர் யார் என்பது தெரிந்துவிட்டது. ஆயினும் கதையில் ஒருவர் குறைகிறார்: குழந்தையின் தந்தை. கொலைக் குற்றத்தை மட்டும் நோக்கிய சட்டத்துக்கு அவர் தேவைப்படவில்லை.

இவ்வழக்கையொட்டிப் பெண்களின் ஒழுக்கத்தைப் பழித்து இதழ்கள் எழுதின. அவற்றுள் ‘புனே வைபவ்’ இதழும் ஒன்று. அதற்கு மறுமொழியாகப் புல்தானாவைச் சேர்ந்த தாராபாய் ஷிண்டே எழுதிய ‘ஸ்திரீ புருஷ துலனா’ 1882இல் புனேயில் அச்சாயிற்று. ஷிண்டே பிராமணரல்லர், சூரத்தினரும் அல்லர். ஒரு செய்தியே இவ்விரு பெண்களையும் பிணைத்தது. பெண்ணுக்குரியனவாகக் கூறப்படும் குற்றங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, அது ஆணிடம் இல்லையா என வினவுவது அவர் நூலின் முறை. மனைவியை இழந்தவன் மீண்டும் மணக்கலாம், கணவனை இழந்தவள் கூடாது என்னும் விதியை இயற்றியவர் யார் என்பதே அவர் தேடிய மர்மம். நூல் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஜோதிராவ் புலே அதனை ஆதரித்து எழுதினார். தாராபாய் வேறு நூல் எதனையும் வெளியிடவில்லை. 1975இல் ஸ. க. மாளஷே மறுபதிப்புச் செய்யும்வரை மராத்திய உலகமே இந்நூலைப் பெரிதும் மறந்திருந்தது.

இங்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. குற்றத்தைச் சமுதாய அமைப்பின்மீது ஏற்றிவிட்டால் இறந்த குழந்தை என்னாகும்? அதுவும் ஓர் உயிரே, பேச வாயற்றது. ‘அமைப்பே குற்றவாளி’ என்னும் கூற்று பல வேளைகளில் எவரும் பொறுப்பேற்காமைக்கு வழியாகிவிடுகிறது. தாராபாயின் வாதத்தைப் போற்றுவோர் இவ்வையத்தைக் கடந்து செல்லுதல் தகாது.

மறைவைக் காத்த இல்லம்

இதற்குரிய விடை அவ்வழக்குக்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே செயல்வடிவில் இருந்தது. 1863இல் ஜோதிராவும் சாவித்திரிபாயும் புனேயில் தம் இல்லத்திலேயே சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் ஒன்றைத் தொடங்கினர். கருவுற்ற கைம்பெண்கள் மறைவாக வந்து மகப்பேறு கொள்ளலாம்; குழந்தையை உடன் கொண்டு செல்வதோ விட்டுச் செல்வதோ அவர்தம் விருப்பம் என விளம்பரம் செய்தனர். இல்லத்தின் பெயரே தாயை மட்டுமன்றிக் குழந்தையையும் கணக்கில் கொண்டமை நோக்கத்தக்கது. வந்தவரிடம் ‘யார்’ என்னும் துப்பறிவாளனின் வினா அங்கு எழுப்பப்படவில்லை. எழுப்பப்பட்டிருப்பின் எவரும் வந்திரார்.

செயலுக்குப் பின் காக்கப்படும் மறைவு இழந்த உயிரை மூடுகிறது. செயலுக்கு முன் காக்கப்படும் மறைவு உயிரை மீட்கிறது. மோரியார்ட்டியின் பெண்கள் முன்னதில் நிற்கின்றனர்; புலே இணையர் பின்னதை அமைத்தனர். குறளின் வாய்மை அதிகாரம் உண்மையைத் தீங்கின்மையால் அளக்கிறது. குற்றமற்ற நன்மை பயக்குமெனில் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கிறது. அவ்வளவையில் மறைவு என்பதனாலேயே ஒன்று பழிக்கப்படுவதில்லை. அதன் பயனே நோக்கப்படும்.

சிலம்பின் பெண்கள்

தமிழ்ச் சூழலில் ஒரு துயரத்தால் பிணைக்கப்பட்ட பெண்கள் என்றதும் சிலம்பே நினைவுக்கு வரும். அங்கும் களவு செய்தவன் பொற்கொல்லன் என்பது வாசகர்க்கு முன்னரே தெரியும். மன்னன் தன் தவற்றை உணர்ந்து உயிர் துறக்கிறான். குற்றவாளிகள் தெளிவானபின்னும் காப்பியம் முடியவில்லை. கோப்பெருந்தேவி கணவனைத் தொடர்கிறாள். அடைக்கலம் காக்க இயலாத மாதரி தீயில் புகுகிறாள். கவுந்தி உண்ணாநோன்பேற்று உயிர் விடுகிறார். மாதவி துறவு பூணுகிறாள். குற்றம் செய்யாதோர் பொறுப்பேற்கும் இந்நிலையைத் துப்பறியும் புனைவின் இலக்கணம் விளக்க இயலாது. அதற்குக் குற்றமும் பொறுப்பும் ஒன்றே. மதுரைத் தெருவில் கண்ணகி கள்வன் யார் என்று கேட்கவில்லை. இவ்வூரில் பெண்டிர் உளரோ, சான்றோர் உளரோ, தெய்வம் உண்டோ என்றே கேட்கிறாள். அது ஊரை நோக்கிய வினா. தாராபாயின் வினாவும் அத்தன்மையதே. ஆயினும் மாதரியின் முடிவைப் பெருமையாகப் பேசும் உரைமரபு மீள்பார்வைக்குரியது. பொறுப்புணர்வு உயிர்விடுதலாகத்தான் வெளிப்பட வேண்டுமா?

விஜய் தெண்டுல்கரின் ‘சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே’ (1967) நாடகம் இவ்வழக்கின் தொலைதூர எதிரொலி எனலாம். விளையாட்டாகத் தொடங்கும் போலி விசாரணையில் பேணாரே என்னும் ஆசிரியை சிசுக்கொலைக் குற்றம் சாட்டப்படுகிறாள். அவள் கருவுக்குக் காரணமான பேராசிரியர் நாடகம் முழுவதிலும் மேடைக்கு வருவதே இல்லை. இறுதியில், சிசுக்கொலையை விசாரித்த அம்மன்றமே அவள் வயிற்றுக் கருவை அழிக்கத் தீர்ப்பளிக்கிறது.

புலே இணையரின் தீர்ப்பு வேறாக இருந்தது. கைம்பெண் ஒருவருக்குப் பிறந்த குழந்தையை 1874இல் அவர்கள் மகவேற்று யஷ்வந்த் எனப் பெயரிட்டு வளர்த்தனர். அவர் மருத்துவரானார். 1897இல் கொள்ளைநோய் பரவியபோது புனேக்கு வெளியே ஹடப்சர் அருகே அவர் நடத்திய சிகிச்சையகத்துக்குச் சாவித்திரிபாய் நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். அந்நோய் தம்மையும் பற்ற, அவ்வாண்டு மார்ச் 10ஆம் நாள் மறைந்தார்.