கேள்வி கேட்பது சந்தேகமாகுமா?

எங்கள் ஊர்களில் ஒரு கட்டடக் குழுவோ நூலகக் குழுவோ அமைந்தால், முதற் கூட்டத்திலேயே "இது நம் எல்லோருடைய பொறுப்பு" என்று சொல்லிக்கொள்கிறோம். கேட்பதற்கு இனிமையான வார்த்தைதான். ஆனால் மூன்று மாதம் கழித்து, "மணல் ஏன் இன்னும் வந்து சேரவில்லை?" என்று கேட்டால் பதில் சொல்ல எவரும் இருப்பதில்லை.

மாணவரின் குழுச் செயற்றிட்டங்களிலும் இதையே காண்கிறேன். அறிக்கையின் முகப்பில் ஐந்து பெயர்கள் இருக்கும். உள்ளே ஒரே கையெழுத்து. அதனால் "இந்தப் பகுதியைச் செய்தது யார்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். ஒரு வேலைக்கு உதவுபவர் பலராக இருக்கலாம். அதற்குப் பதில் சொல்பவர் ஒருவராக இருக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டுவிடலாம். பெரியவர்களிடம் கேட்பதுதான் சிரமம். குழுவில் இருப்பவர் மச்சானாகவோ மாமாவாகவோ இருப்பார். "வேலை எவ்வளவில் நிற்கிறது?" என்றால், "என்னில் நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கு அஞ்சி நாம் வாய் மூடிக்கொள்கிறோம். கூட்டத்தில் கேட்காத கேள்வி பிறகு தேநீர்க் கடையில் கேட்கப்படுகிறது. அங்கே பதில் சொல்ல அந்த மனிதர் இருப்பதில்லை.

பொறுப்பு ஓர் அமானிதம். கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. பெற்றவருக்கோ, கேட்கப்படுவதே பாதுகாப்பு. இதைச் சந்தேகமாக எவரும் எண்ணாதிருக்க, தலைவர் தன் கணக்கை முதலில் சொல்வது நல்லது.

ஆயினும் பெயர் குறிப்பதும் கேட்பதும் மட்டும் போதா. உண்மையான பதிலைத் தாங்கும் மனமும் வேண்டும். 1986 ஜனவரி 27ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடத்தை மறுநாள் ஏவலாமா என்று தொலைபேசி வழியே ஒரு கூட்டம் நடந்தது. உந்துகணைகளைத் தயாரித்த மோர்ட்டன் தியோகோல் நிறுவனப் பொறியியலாளர்கள், கடுங்குளிரில் இறப்பர் வளையங்கள் சரியாக இயங்கா என்று எச்சரித்தனர். ஏவுவது பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டிய இடத்தில், ஆபத்தானது என்று நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில் விழுந்தது. அவர்களுடைய மேலாளர்கள் இறுதியில் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டனர். ஏவுதளத்தில் நிறுவனத்தின் பிரதிநிதியாக இருந்த அலன் மக்டொனால்ட் ஒப்பமிட மறுத்தார். அவருக்கு மேலிருந்தவர் ஒப்பமிட்டார். மறுநாள், ஏவி 73 செக்கன்களில் விண்ணோடம் சிதறியது. மாண்ட எழுவரில் கிறிஸ்டா மக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியையும் ஒருவர்.

அங்கே பெயர்கள் இருந்தன, ஒப்பங்களும் இருந்தன. "இது ஆயத்தமில்லை" என்ற பதிலை ஏற்கும் மனம்தான் இருக்கவில்லை. நம்முடைய சிறிய குழுக்களில் உயிர் போவதில்லை. உறவு போகிறது, ஊர்ப்பணம் போகிறது. தவணைக்கு முன்பே "என்னால் முடியவில்லை" என்பவரை நாம் ஏசினால், அடுத்த முறை அவர் மறைக்கத்தான் பழகுவார்.

ஆகவே அடுத்த குழுவின் முதற் கூட்டத்தில் மூன்றைத் தீர்மானிப்போம்: எந்த வேலைக்கு யார் பதில் சொல்வது, எந்தத் திகதியில் சொல்வது, முன்கூட்டிச் சொன்ன தடங்கலைக் குற்றமாக எடுப்பதில்லை என்பது. மூன்றாவதை ஒப்புக்கொள்ளாமல் முதலிரண்டை மட்டும் எழுதிவைப்பதில் பயனில்லை.