துடிப்பை உணரும் முன்னே

முதற் பிள்ளையைச் சுமக்கும் பெண்ணிடம் ஐந்தாம் மாதமளவில் வீட்டு மூத்தவர்கள் தவறாது கேட்பது, "பிள்ளை துடிக்கிறது தெரியுதோ?" என்பதாகும். அவளுக்கோ சொல்லத் தெரிவதில்லை. வயிற்றுக்குள் சிறு மீன் புரண்டதுபோல் இருந்தது, வாயுவாகவும் இருக்கலாம். மறுநாளும் அப்படியே. பின்னொரு நாள் ஐயம் தீர்ந்துவிடும். சிவஞான சித்தியார் அளவையில் கூறும் ஐயத்தையும் தன்வேதனைக் காட்சியையும், அந்நூலைத் தொட்டறியாத பெண்ணும் இச்சில நாட்களில் அறிந்துகொள்கிறாள் எனலாம். கணவன் கைவைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளியிலிருந்து உணர இன்னும் சில கிழமைகள் செல்லும். அதுவரை அவனுக்கு மனைவியின் சொல்லே பிரமாணம்.

அன்றுதான் அப்பிள்ளைக்கு உயிர் வந்ததா?

ஸ்கான் கருவியிலே ஆறாம் கிழமையளவில் இதயத் துடிப்பும் எட்டாம் கிழமையளவில் உடலசைவும் காணப்படுகின்றன. தலைப்பிள்ளைத் தாய் அதனை உணர்வதோ பெரும்பாலும் 18 முதல் 20 கிழமைகளில். முன்பு பெற்றவள் சற்று முந்தி உணர்வாள். நச்சுக்கொடி கருப்பையின் முன்பக்கம் அமைந்தவள் பிந்தி உணர்வாள். எனவே "இன்றைக்குத்தான் துடித்தது" என்று தாய் சொல்லும்போது பிள்ளை இரண்டு மாதங்களுக்கு மேலாக அசைந்துகொண்டிருக்கிறது.

முன்னோர் கருத்துக்களும் ஒன்றல்ல. சுசுருதர் நான்காம் மாதத்தில் இதயம் வெளிப்படுகிறது என்று கொண்டு தாயை இரு இதயமுடையவள் என்றார். கர்ப்ப உபநிடதமோ ஏழாம் மாதத்தில் சீவன் கூடுகிறது என்கிறது. ஆங்கிலேயர் தாயின் உணர்வையே எல்லையாக வைத்தனர். அது 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை மூலம் இலங்கைக்கும் வந்தது. கருவைக் கலைத்தவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, பிள்ளை துடித்த பின்னராயின் ஏழு ஆண்டுவரை என்பது அதன் 303 ஆம் பிரிவு. அக்காலத்தில் தாயின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி ஏது?

சைவ சித்தாந்தம் உயிரை அநாதி என்று கொள்வதால், உயிர் எப்போது உண்டாயிற்று என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. உடம்போடு எப்போது கூடிற்று என்பதே கேள்வி. மணிவாசகரும் போற்றித் திருவகவலில் கருவின் இடர்களை ஐந்தாம் மாதத்திலிருந்து எண்ணவில்லை. முதல் மாதத்திலிருந்தே எண்ணுகிறார்.

நமது ஊர்களிலோ எண்ணிக்கை வேறாக நடக்கிறது. மூன்றாம் மாதத்தில் கரு கலைந்த பெண்ணிடம், "துடிப்பும் தெரியாததுதானே பிள்ளை, யோசிக்காதை" என்பார்கள். அன்பினாலேயே சொல்லுகிறார்கள், சொல்பவர்களிற் சிலர் தாமும் அவ்வாறு இழந்து, அதே ஆறுதலைக் கேட்டு வாய்மூடியவர்கள். செத்த வீடில்லை, துக்கம் விசாரிக்க வருவாருமில்லை. அடுத்த நாள் அவள் கிணற்றடியில் பாத்திரம் கழுவுவாள். அசைவை உணரவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவள் பெயர் யோசித்து வைத்திருந்தாள். அதை எவரும் கேட்பதில்லை.

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. உணர்ந்த துடிப்புக் குறையும்போது, "பிறக்கப்போகிற பிள்ளை அடங்கித்தான் கிடக்கும்" என்று சொல்லித் தாயை வீட்டில் வைத்திருக்கும் வழக்கம் தவறானது. கடைசி மாதத்திலும் அசைவு குறையக்கூடாது. குறைந்தால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அவ்வேளையில் அவள் சொல்லை நம்பாத வீடு, ஐந்தாம் மாதத்தில் அதே சொல்லை நம்பி மகிழ்ந்த வீடுதான்.

கரு கலைந்தவள் மீண்டும் கருவுற்றுக் கிளினிக்குக்குப் போனால், இது எத்தனையாவது கர்ப்பம் என்று கேட்டு, அட்டையில் இரண்டு என்று எழுதுவார்கள். வீட்டுக்கு வந்தால் தலைப்பிள்ளை என்பார்கள். அவள் இரண்டுக்கும் தலையாட்டுவாள்.